சாப்பாட்டு நேரத்தில் மறுப்பு, மற்ற நேரத்தில் கொறிப்பு: குழந்தையின் பசி எப்படி இயங்குகிறது?

ஒரு வயதுவரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்ட குழந்தை, இரண்டு வயதை நெருங்கும்போது தட்டைத் தள்ளிவிடத் தொடங்குகிறது. நேற்றுவரை விரும்பித் தின்ற காயை இன்று துப்புகிறது. அரை மணி நேரம் கழித்து பிஸ்கட் கேட்டு அழுகிறது. பெற்றோர் இதை இரண்டு தனித்தனிச் சிக்கல்களாகப் பார்க்கிறார்கள். ஒன்று, சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்னொன்று, எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. முதலாவதற்குப் புதுப்புதுச் சமையலும் கெஞ்சலும், இரண்டாவதற்குக் கண்டிப்பும் பூட்டிய அலமாரியும் என்று வைத்தியமும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான வீடுகளில் இவை ஒன்றையொன்று வளர்க்கின்றன. எப்படி என்று புரிந்துகொள்ள வளர்ச்சிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓராண்டுக்குப் பிறகு பசி ஏன் மந்தமாகிறது

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ மும்மடங்காகிறது. அதாவது ஓராண்டில் 6 கிலோ ஏறுகிறது. இரண்டாம் ஆண்டில் ஏறுவது 2 முதல் 2.5 கிலோதான். அதன்பின் ஐந்து வயதுவரை ஆண்டுக்கு 2 கிலோ அளவிலேயே போகிறது. உடலின் மொத்தத் தேவை குறையவில்லை என்றாலும், எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தேவைப்படும் உணவு குறைகிறது. முதல் ஆண்டின் வேகத்தை அளவுகோலாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இரண்டாம் ஆண்டில் எல்லாக் குழந்தையும் 'சாப்பிடாத குழந்தை'தான்.

எதிர்பார்க்கும் அளவும் பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. உணவியலாளர்கள் சொல்லும் தோராயமான கணக்கு, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி: இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வகைக் காயில் இரண்டு மேசைக்கரண்டி போதும். வேண்டுமென்றால் மறுபடி கேட்கட்டும். பெரியவர் தட்டில் பாதியைப் பரிமாறிவிட்டு, அதில் பாதி மீதம் என்று கவலைப்படுவது கணக்குப் பிழை.

வேளைக்கு வேளை அளவு மாறுவதும் இயல்பு. 2 முதல் 5 வயதுவரையுள்ள 15 குழந்தைகள் ஆறு நாள் சாப்பிட்டதை லீன் பிர்ச்சும் அவருடைய குழுவினரும் அளந்து 1991ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஒரே குழந்தை ஒவ்வொரு வேளையிலும் எடுத்த கலோரி சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி இறங்கியது. முழு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஏற்ற இறக்கம் சுமார் 10 சதவீதம்தான். காலையில் குறைத்ததை மாலையில் ஈடுசெய்துகொண்டார்கள். ஒரு வேளைத் தட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைப்பது கடினம்.

காய்கறி மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது

பொறுக்கிச் சாப்பிடுவதற்குப் பின்னால் 'நியோஃபோபியா' எனப்படும் புது உணவு அச்சம் இருக்கிறது. அறியாத உணவை வாயில் வைக்கவே மறுப்பது இதன் அடையாளம். பொதுவாக 2 முதல் 6 வயதுக்குள் இது உச்சத்தில் இருக்கும். நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையெல்லாம் வாயில் போடாமலிருக்க இயற்கை வைத்த காப்பு இது என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்குண்டு என்று இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே வீட்டில், ஒரே சமையலில் வளரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் எதையும் தின்பதும் மற்றவர் எதையும் தொடாததும் வளர்ப்பின் குறையாக இருக்கவேண்டியதில்லை.

கசப்பு இன்னொரு காரணம். பிடிசி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பாகவும் சிலருக்குச் சுவையே இல்லாமலும் இருப்பதை 1931ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் கவனித்தார். டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணுவின் வேறுபாடுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் தெரிந்தது. முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களில் இதை ஒத்த பொருள்கள் இருக்கின்றன. உங்கள் நாவுக்கு லேசாகப்படும் கசப்பு உங்கள் குழந்தையின் நாவுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

மெல்லும் திறனை அதிகம் பேர் கணக்கில் எடுப்பதில்லை. முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதங்களிலும், இரண்டாவது கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதங்களிலும் முளைக்கின்றன. அதுவரை நாரும் சக்கையுமான காய், இறுகிய இறைச்சி எல்லாம் வாய்க்குள் உருண்டுகொண்டே இருக்கும், கடைசியில் துப்பப்படும். அடம் என்று நாம் நினைப்பது பல நேரம் இயலாமை. இதே உணவை நன்றாக வேகவைத்தோ நறுக்கியோ கொடுத்தால் இறங்கிவிடும்.

பிஸ்கட் ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்பதற்கும் இங்கேதான் விடை. அதே பொட்டலத்தின் எல்லா பிஸ்கட்டும் ஒரே வடிவம், ஒரே சுவை. வாயில் வைத்ததும் கரைகிறது. பழமோ ஒன்று இனிக்கும், அடுத்தது புளிக்கும், மூன்றாவது குழைந்திருக்கும். புதியதைக் கண்டு தயங்கும் வயதில் இருப்பவருக்கு மாறாத பொருள்தான் பாதுகாப்பாகத் தெரியும்.

கொறிப்பு பசியை என்ன செய்கிறது

கொறித்தல் என்றால் இங்கே பிஸ்கட்டும் பொரித்த தின்பண்டமும் மட்டும் இல்லை. குறித்த நேரமில்லாமல், கையில் எடுத்துக்கொண்டு நடந்தபடியோ விளையாடியபடியோ தின்பதும் குடிப்பதும் எல்லாமே கொறிப்புத்தான். பாலும் பழச்சாறும் இதில் அடக்கம். நடப்பது இதுதான்:

1. குழந்தை மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவருக்குக் கவலை.
2. வயிறு காயக்கூடாதே என்று அரை மணி நேரத்தில் ஒரு டம்ளர் பாலோ இரண்டு பிஸ்கட்டோ போகிறது. குழந்தை மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. பெரியவருக்கு நிம்மதி.
3. அடுத்த வேளைக்குள் இன்னும் இரண்டு தடவை இப்படி நடக்கிறது.
4. அடுத்த வேளை வரும்போது பசி அரைகுறை. அரைகுறைப் பசியில் பிடித்த உணவுகூட எடுபடாது. புது உணவு எப்படி எடுபடும்?
5. மீண்டும் தட்டு அப்படியே திரும்புகிறது. கவலை இரட்டிப்பாகிறது. அடுத்த டம்ளர் பால் தயாராகிறது.

எண்களில் வைத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரி தேவை. 20 கிராம் இனிப்பு பிஸ்கட் 90 முதல் 100 கலோரி. 120 மில்லி பழச்சாறு 50க்கு மேல். இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் தேவையில் 15 சதவீதம், அதாவது ஒரு சிறு வேளை முடிந்துவிட்டது. 'ஒன்றுமே சாப்பிடவில்லை' என்று சொல்லப்படும் நாளில் இப்படி மூன்று தடவை நடந்திருக்கும்.

பசி என்பது காலி வயிறு மட்டும் அனுப்பும் செய்தி இல்லை. இரைப்பையிலிருந்து சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனுக்கு இதில் பங்குண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை 1999ல் கண்டறிந்தார்கள். வழக்கமான சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அது உயர்கிறது, சாப்பிட்டதும் இறங்குகிறது. நேரம் ஒழுங்காக இருந்தால் உடலும் அந்த நேரத்துக்குத் தயாராகிறது. நாள் முழுக்கச் சிறிது சிறிதாக உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்துக்கே இடமில்லை. தெளிவான பசி எப்படி இருக்கும், தெளிவான நிறைவு எப்படி இருக்கும் என்று குழந்தைக்குத் தெரியவே வாய்ப்பில்லாமல் போகிறது.

*பால் தனிக் கதை.* ஒரு லிட்டர் முழுக் கொழுப்புப் பாலில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதைக் குடித்த இரண்டு வயதுக் குழந்தைக்கு மீதியிருக்கும் தேவை 400க்கும் கீழே. இன்னொரு ஆபத்து இரும்புச் சத்து. 1 முதல் 3 வயதுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பாலிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. இரும்புக் குறைபாடு வந்தால் பசி மேலும் மங்கும். சாப்பிடவில்லையே என்று பாலைக் கூட்ட, பால் இரும்பைக் குறைக்க, இரும்புக் குறைவு பசியைக் குறைக்க, வட்டம் இறுகுகிறது. நாளொன்றுக்கு 500 மில்லிக்குள் நிறுத்துவது பாதுகாப்பான கோடு.

பற்களையும் சொல்ல வேண்டும். இனிப்போ மாவுப் பண்டமோ வாய்க்குள் போன சில நிமிடங்களில் பற்களின் மேலுள்ள படலத்தில் அமிலம் கூடுகிறது. அமில அளவைக் காட்டும் பிஹெச் 5.5க்குக் கீழே இறங்கினால் பல் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அடுத்த கொறிப்பு வந்தால் மீள நேரமில்லை. ஆகவே சொத்தைப் பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு என்பதற்குச் சமமாக எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

இவ்வளவையும் படித்துவிட்டுச் சிற்றுண்டியையே நிறுத்திவிடக் கூடாது. சிறு வயிற்றில் ஒரே தடவை நிறையப் போடமுடியாது. மூன்று வேளையும் இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுண்டியும் இந்த வயதுக்குத் தேவைதான். சிற்றுண்டிக்கு நேரமும் இடமும் இல்லாமல் போவதுதான் தொல்லை.

கெஞ்சலும் பரிசும் தடையும்: ஆய்வுகள் காட்டுவது

'இன்னும் ஒரு வாய்' என்று வற்புறுத்துவது அந்த வேளையில் இரண்டு வாய் கூடுதலாக இறக்கலாம். நாள்பட அதன் விளைவு வேறு. பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு சூப் கொடுத்து, ஒரு வகை சூப்புக்கு மட்டும் 'முடித்துவிடு' என்று சொல்லிப் பார்த்த ஆய்வு 2006ல் வெளியானது. வற்புறுத்தாதபோதுதான் குழந்தைகள் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்தியபோது சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள்.

பரிசும் அப்படித்தான். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லப்பட்ட குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மீதான விருப்பம் குறைந்ததை 1984ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பரிசு கொடுத்துத்தான் இதைக் குடிக்க வைக்க வேண்டுமென்றால் இது நல்லதாக இருக்க முடியாது என்று குழந்தை முடிவு கட்டுகிறது. காய் தின்றால் இனிப்பு என்ற பேரத்தில் காய் கூலி வேலையாகவும் இனிப்பு சம்பளமாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் எல்லாப் பரிசும் கெடுதல் என்று முடிவு கட்டவும் ஆய்வுகள் விடவில்லை. 2011ல் வெளியான ஓர் ஆய்வில், 4 முதல் 6 வயதுக் குழந்தைகள் பிடிக்காத காயை ஒரு சிறு துண்டு சுவைத்தால் ஒட்டுப்படம் கொடுத்தார்கள். விருப்பம் குறையவில்லை, கூடியது. பரிசு நின்ற பிறகும் நீடித்தது. பரிசு உணவுப் பொருளாக இல்லாமலும், கேட்பது ஒரு துண்டு மட்டுமாகவும் இருந்ததைக் கவனிக்க வேண்டும்.

முழுத் தடையும் பலனளிப்பதில்லை. கண்முன் வைத்துக்கொண்டு எடுக்கவிடாமல் தடுத்த தின்பண்டத்தின் மீது குழந்தைகளின் கவனமும் ஆசையும் கூடியதை 1999ல் வெளியான ஆய்வு காட்டியது. வேண்டாத பண்டத்தை வீட்டில் பூட்டிவைப்பதைவிட வாங்காமலிருப்பதும், எப்போதாவது வரும்போது சச்சரவில்லாமல் சாப்பாட்டோடு கொடுத்துவிடுவதும் மேல்.

யார் எதை முடிவு செய்வது

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் முன்வைத்த 'பொறுப்புப் பிரிவினை' இன்று மருத்துவர்கள் பலர் சொல்லும் அடிப்படை. எது, எப்போது, எங்கே என்ற மூன்றையும் பெரியவர் முடிவு செய்வார். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்ற இரண்டையும் குழந்தை முடிவு செய்யும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதைக் குழந்தை சொல்கிறது, எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்பதைப் பெரியவர் சொல்கிறார்.

'குழந்தைக்கே தெரியும், விட்டுவிடுங்கள்' என்று சொல்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவரின் சோதனை. 1920களில் தொடங்கிய அதில், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள் தங்கள் உணவைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். யாரும் எதையும் நீட்டவில்லை; கை காட்டினால் மட்டும் ஊட்டினார்கள். ஆரஞ்சுச் சாறும் ஈரலும் காலை உணவு, முட்டையும் வாழைப்பழமும் பாலும் இரவு உணவு என்று அவர்கள் தேர்வு விசித்திரமாக இருந்தது. ஆனாலும் எல்லோரும் ஆரோக்கியமாக வளர்ந்தார்கள். 1939ல் முடிவுகளைத் தொகுத்தபோது டேவிஸ் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது. வைக்கப்பட்ட முப்பதுக்கு மேற்பட்ட உணவுகளில் சர்க்கரையோ டப்பாவில் அடைத்த பண்டமோ ஒன்றுகூட இல்லை. எதைத் தேர்ந்தாலும் நல்லதாகவே அமைந்த இடத்தில்தான் குழந்தையின் தேர்வு நன்றாக வேலை செய்தது.

எந்த வரிசையில் மாற்றுவது

பெரும்பாலோர் முதலில் சமையலை மாற்றுகிறார்கள். அது கடைசியாகச் செய்யவேண்டியது. பசியில்லாத வாய்க்கு எந்தப் புதுச் சமையலும் பயன்படாது.

1. நேரம். இரண்டரை முதல் மூன்று மணி நேர இடைவெளியில் வேளைகளையும் சிற்றுண்டிகளையும் அமைத்துக்கொள்ளுங்கள். இடையில் தண்ணீர் மட்டும். முதல் சில நாள் அழுகை இருக்கும். அதற்கு வீட்டார் தயாராக இருக்க வேண்டும். வேளையில் சாப்பிடாமல் பத்து நிமிடத்தில் பசி என்று வந்தால், அடுத்த சிற்றுண்டி நேரத்தைச் சொல்லிக் காத்திருக்க வைப்பதில் தவறில்லை. இரண்டு மூன்று மணி நேரம் பொறுப்பதால் ஆரோக்கியமான குழந்தைக்குத் தீங்கு வராது. நீரிழிவு போன்ற நோயுள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொன்ன நேரம்தான் நேரம். வீட்டில் ஒருவர் பிடிவாதமாக இருந்து மற்றவர் மறைவில் பிஸ்கட் கொடுத்தால் இந்த ஒழுங்கு ஒரு நாளும் நிலைக்காது.

2. குடிப்பது. பாலை மேற்சொன்ன அளவுக்குள், வேளையோடு சேர்த்தோ வேளைக்குப் பிறகோ கொடுங்கள். ஒரு வயதுக்கு மேல் பால் புட்டியைக் கோப்பைக்கு மாற்றினாலே பல குழந்தைகளுக்கு அளவு தானாகக் குறையும். பழச்சாறு 1 முதல் 3 வயதுக்கு நாளொன்றுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017ல் சொன்னது; ஒரு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

3. சிற்றுண்டியின் உள்ளடக்கம். சிற்றுண்டியைச் சிறிய சாப்பாடாக நினைத்தால் போதும். பழம், தயிர், முட்டை, வெந்த பயறு, முந்தைய வேளையில் மிச்சமான காய் எதுவும் ஆகும். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முழுக் கொட்டைப் பருப்புகள், முழுத் திராட்சை போன்றவை ஐந்து வயதுக்குள் மூச்சுக்குழாயை அடைக்கும் அபாயம் உள்ளவை. பொடித்தோ நீளவாக்கில் கீறியோதான் தரவேண்டும்.

4. தட்டு. குழந்தைக்கு நிச்சயம் பிடிக்கும் ஓர் உணவு, வீட்டார் சாப்பிடும் மற்ற உணவுகள், பழகவேண்டிய உணவில் ஒரு சிறு துண்டு. தனிச் சமையல் வேண்டாம். திரையை அணைத்துவிடுங்கள், அதைப் பார்த்தபடி ஊட்டினால் வயிறு நிறைந்ததைக் குழந்தை கவனிக்காது. இருபது முதல் முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். பாராட்டும் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

5. திரும்பத் திரும்ப. ஒரு புது உணவு ஏற்கப்படுவதற்கு 8 முதல் 15 தடவைவரை ஆகலாம். பல பெற்றோர் மூன்று முதல் ஐந்து தடவைக்குள் 'இது பிடிக்காது' என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். பார்ப்பது மட்டும் போதாது. நாவில் பட்டால்தான் சுவைப் பழக்கம் வரும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. நக்கித் துப்பினாலும் அது ஒரு தடவைதான்.

காயை அரைத்து மாவிலோ குழம்பிலோ ஒளித்துக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. சத்து சேரும், சரி. ஆனால் அந்தக் காயோடு குழந்தைக்கு எந்தப் பரிச்சயமும் வராது. கண்டுபிடித்துவிட்டால் பிடித்த உணவின் மீதும் சந்தேகம் வரும். பக்கத்தில் அதே காய் அதன் உருவத்தில் ஒரு துண்டு இருக்கும்வரை ஒளிப்பதில் குற்றமில்லை. பசியைத் தூண்டும் மருந்துகள் வேறு விஷயம். அவற்றில் அதிகம் புழங்கும் சைப்ரோஹெப்டடின் உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கக் கலக்கம் தரும். மருத்துவர் எழுதாமல் அதைத் தொடக் கூடாது.

எப்போது இது சாதாரணம் இல்லை

பொறுக்கிச் சாப்பிடும் பெரும்பாலான குழந்தைகள் சரியாகவே வளர்கிறார்கள். அதை உறுதி செய்ய, வயதுக்கேற்ற எடையையும் உயரத்தையும் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி அட்டை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட அளவுகோல்கள் ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்து உருவானவை. குழந்தை எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, அதே கோட்டை ஒட்டிப் போகிறதா என்பதையே பார்க்க வேண்டும். மெலிந்த குழந்தை தன் கோட்டிலேயே மேலேறினால் கவலையில்லை. கீழ்க்கண்டவை இருந்தால் மருத்துவரிடம் போகவேண்டும்:

- எடை குறைவது, அல்லது வளர்ச்சிக் கோடு தொடர்ந்து கீழிறங்குவது
- விழுங்கும்போது இருமல், திணறல், வலி, அடிக்கடி வாந்தி
- வெளிறிய தோல், சோர்வு, மண் சுண்ணாம்பு போன்றவற்றைத் தின்பது (இரும்புக் குறைபாடு இருக்கலாம்)
- நாள்பட்ட மலச்சிக்கல். இது தானே பசியைக் கொல்லும், சரிசெய்தாலே சாப்பாடு திரும்புவதுண்டு
- ஏற்கும் உணவுகள் இருபதுக்கும் கீழே சுருங்கி, விட்ட உணவு திரும்ப வராமலிருப்பது
- ஒரு குறிப்பிட்ட தன்மையுள்ள உணவைக் கண்டாலே ஓங்கரிப்பது, பேச்சு அல்லது பழகுமுறையில் தாமதமும் சேர்ந்திருப்பது

கடைசி இரண்டும் 'ஆர்ஃபிட்' எனப்படும் உணவு தவிர்ப்புக் கோளாறையோ ஆட்டிசத்தையோ சுட்டலாம். ஆர்ஃபிட் 2013ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில் தனி நோயாக இடம்பெற்றது. உடல் பருத்துவிடுமோ என்ற பயத்தால் வருவதில்லை இது. உணவின் தன்மை, மூச்சு அடைத்துவிடுமோ என்ற அச்சம், அல்லது உணவில் அக்கறையே இல்லாமை ஆகியவற்றால் வருகிறது. நேரத்தை ஒழுங்கு செய்வதால் மட்டும் இது தீராது. குழந்தையைப் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும் என்ற அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது, ஆபத்தும்கூட. பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உணவியலாளர் சேர்ந்து கவனிக்கவேண்டிய நிலை இது.

மருத்துவரிடம் போகும்முன் மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதிக்கொண்டு போவது நல்லது. நேரம், பொருள், தோராய அளவு, யார் கொடுத்தது என்று நான்கு கட்டங்கள் போதும். ஒரு நாளாவது விடுமுறை நாளாக இருக்கட்டும். குழந்தை பகலில் வேறிடத்தில் இருந்தால் அங்கே கொடுத்ததையும் கேட்டு எழுத வேண்டும். பாலும் சாறும் மில்லி கணக்கில் இருக்க வேண்டும். பெரும்பாலான குறிப்புகளில் விடுபட்டுப்போவது அவைதான்.